கடலை எங்கே காட்டுவீர்கள்? சிங்கப்பூருக்கு வரும் சொந்தங்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து உறவினர் வரப்போகிறார்கள் என்றால், பிடோக்கில் இருக்கும் எங்கள் நாலறை வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சித்தி கேட்ட அதே கேள்வியை அடுத்த வாரம் மச்சான் கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கட்டடங்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கடலைப் பற்றி. தீவுக்கு வந்துவிட்டுக் கடலைக் காணாமலேயே திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

சிங்கப்பூரில் நல்ல கடற்கரை இருக்கிறதா? நம் மெரினா மாதிரி?

மெரினா மாதிரி இல்லை. எதிர்பார்ப்பை முதலிலேயே இறக்கிவைத்துவிடுவது நல்லது. இங்கே அலை கிடையாது. வங்காள விரிகுடா போலத் திறந்த கடல் எங்களுக்கு வாய்க்கவில்லை. மேற்கே சுமத்ரா, வடக்கே மலேசியா, தெற்கே ரியாவ் தீவுகள் என்று மூன்று பக்கமும் நிலம் அணைத்திருப்பதால், பெரிய அலை கரைக்கு வந்துசேர வழியில்லை. காரைக்குடியிலிருந்து வந்த பெரியப்பா இங்குள்ள ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது கண்மாய் அப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அலைக்குப் பதிலாக இங்கே இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கப்பல். உலகத்திலேயே நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று இந்தச் சிங்கப்பூர் நீரிணை. எந்த நேரம் கரைக்குப் போனாலும் தொடுவானம் முழுக்கக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். மற்றொன்று, ஓதம். கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் மூன்று மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் தண்ணீர் தளும்பிய இடத்தில் பிற்பகலில் சேறும் நண்டும் தெரியும். அலையைப் பார்க்க வந்தால் ஏமாற்றம்தான். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஏமாற மாட்டீர்கள்.

மெர்லயன் சிலை நிற்கும் இடத்தில் தெரிவது கடல்தானே?

கடலாக இருந்தது. இப்போது அது நீர்த்தேக்கம். 2008-இல் மரினா அணைக்கட்டைத் திறந்தபோது கடல் வெளியே நின்றுவிட்டது. உள்ளே தேங்கிய தண்ணீர் மெல்ல மெல்ல உப்பை இழந்து குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. ஆக, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அந்தச் சிலை இன்று நல்ல தண்ணீரில்தான் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது. சிலைக்கும் ஒரு கதை உண்டு. 1972-இல் ஆற்று முகத்துவாரத்தில் வைத்தார்கள். 1997-இல் எஸ்பிளனேட் பாலம் எழுந்து முகத்தை மறைத்தது. 2002-இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்திக் கொண்டுவந்தார்கள்.

படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். பாலத்தைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா வரும். அங்கே இந்திய தேசிய இராணுவ நினைவிடத்தைக் குறிக்கும் பலகை இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுத்தூண் அது. திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு செப்டம்பரில் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது உள்ள அடையாளம் 1995-இல் வைத்தது. பக்கத்திலேயே இருக்கும் பாடாங் திடலில்தான் 1943-இல் நேதாஜி படையின் முன் பேசினார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தமிழ்ப் பெண்களில் பலர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்தில் இந்தப் பூங்காவின் விளிம்பில் கடல் அடித்துக்கொண்டிருந்தது. இன்று அந்த விளிம்பிலிருந்து கடலைத் தேடினால் அணைக்கட்டு வரை போக வேண்டும். அணைக்கட்டின் கூரை முழுவதும் புல்வெளி. மாலையில் குழந்தைகள் பட்டம் விடுவார்கள். ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் நீங்கள். டிக்கெட் கிடையாது.

கடல் இடம் மாறியது என்கிறீர்களே, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதுவரை ஒரே ஒரு மருமகன்தான் கேட்டிருக்கிறான்.

டெலோக் ஆயர் விரைவு ரயில் நிலையத்தில் இறங்குங்கள். மலாயில் அந்தப் பெயருக்கு நீர் விரிகுடா என்று பொருள். சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள்தான். தண்ணீரின் சுவடே இருக்காது. தெருவில் நடந்தால் நாகூர் தர்கா வரும். 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டியது. கடலைக் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எழுப்பிய இடம். முன்புறத்துச் சிறிய அடுக்கு மினாரட்டுகளைப் பாருங்கள். நாகூருக்குப் போய்வந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். இப்போது உள்ளே இந்திய முஸ்லிம்களின் மரபைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். அது கடல் தெய்வமான மாசுவுக்கு உரியது. அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் அங்கே ஓலைக் குடிசைதான் இருந்தது. அதனால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள். மூன்றும் ஏன் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன? அந்தத் தெருதான் அன்றைய கரை. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் ஈரக்காலோடு போய்க் கும்பிட்ட இடங்கள் இவை. 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அதன்பின் கடல் போனது போனதுதான்.

பீச் ரோடும் அப்படித்தான். பெயரில் மட்டும் கடற்கரை இருக்கிறது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் பிடோக் பகுதியின் மேடுகளை வெட்டித்தான் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் கொட்டினார்கள். 1966-இல் தொடங்கிய அந்த வேலை 1980-கள் வரை நடந்தது. அடுத்த கட்டமாக, ஏறிவரும் கடல்மட்டத்துக்கு அரணாக அதே கரைக்கு எதிரில் சுமார் 800 ஹெக்டேரில் நிலம் எழுப்பும் திட்டத்தை 2023-இல் அறிவித்திருக்கிறார்கள். எனவே ஈஸ்ட் கோஸ்ட்டில் கப்பல்களைப் பார்க்க ஆசை இருந்தால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் எது?

புலாவ் உபின். யோசிக்காமல் சொல்வேன். வீட்டில் இதற்கு எதிர்ப்பு உண்டு. என் மகள் செந்தோசா தீவு என்பாள். அவள் சொல்வதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

சாங்கி முனைப் படகுத்துறைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அங்கே பழைய மரப்படகுகள் நிற்கும். நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஒருவருக்கு நான்கு வெள்ளி. டாலரை இங்கே நாங்கள் வெள்ளி என்போம். ரொக்கமாகக் கொண்டுபோங்கள். அவசரக்காரர்கள் மீதி இருக்கைகளுக்கும் தாங்களே பணம் கொடுத்துவிட்டு உடனே புறப்படச் சொல்லலாம். என் மாமனார் ஒருமுறை எட்டுப் பேருக்குக் கொடுத்தார். படகு நகர்ந்த அடுத்த நிமிடம் ஒரு சுற்றுலாக் கூட்டம் துறையில் வந்து நின்றது. அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

பத்து நிமிடப் பயணம். இறங்கியதும் நாற்பது ஆண்டுக்கு முந்தைய சிங்கப்பூர். தகரக் கூரை போட்ட கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள், சைக்கிள் வாடகைக் கடைகள், இளநீர். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டும் தீவாக இருந்தது. தொலைவில் நடுக்கடலில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் இங்கிருந்துதான் கல் போனது. வெட்டி முடித்த குழிகளில் இன்று தண்ணீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. கரையில் கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. சைக்கிள் எடுத்தால் முதலில் பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குள் போனால் நல்ல வண்டியாகத் தேர்ந்தெடுக்கலாம். வார இறுதியில் மதியம் போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

கிழக்கு முனையில் இருப்பது செக் ஜாவா. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அலையாத்திக் காடு, மணல் திட்டு, கடற்புல் வெளி, பாறைக் கரை எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் ஈரநிலம் அது. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு மரங்கள் புதிதல்ல. ஆனால் அங்கே படகில் போய்ப் பார்ப்பதை இங்கே நடைபாலத்தில் நடந்து, குனிந்து பார்க்கலாம். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும். சேற்றில் தாவும் மீன்கள் துடுப்பை ஊன்றி நடக்கும். கடல்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீர் ஏறிய நேரத்தில் போய், "ஒன்றுமே இல்லை" என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இடமும் தூர்ந்துபோக இருந்ததுதான். 2001-இல் நிலமாக்கும் வேலை தொடங்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. இயற்கை ஆர்வலர்களும் தன்னார்வலர்களும் அங்கே வாழும் உயிர்களைக் கணக்கெடுத்து எடுத்துச் சொன்னார்கள். கடைசி நாளாக இருக்கக்கூடும் என்று பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். 2002 ஜனவரியில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. மனிதர் கேட்டுக்கொண்டதால் கடல் தப்பிய கரை இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அங்கே ஓர் ஆங்கிலேயர் 1930-களில் கட்டிய வீடும் இருக்கிறது. பூமத்தியரேகைக்கு ஏறத்தாழ 155 கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டிக்கொண்டு, அதில் குளிர்காயக் கணப்பு அடுப்பும் வைத்திருக்கிறார். ஊர் ஏக்கம் எல்லாருக்கும் பொதுதான் போலும்.

காட்டுப்பன்றிகள் சுற்றும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்கும். இருவாச்சிப் பறவை தலைக்கு மேல் பறந்தால், சிறகோசை முதலில் கேட்கும். இருட்டுவதற்குள், ஆறரை மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

குழந்தைகள் செந்தோசா என்று அடம் பிடிக்கிறார்கள். போகலாமா?

தாராளமாக. மலாயில் அமைதி என்று பொருள்படும் இந்தப் பெயருக்கு மூலம் சமஸ்கிருதச் சந்தோஷம். நமக்கும் அதே சொல்தான். இதற்கு முந்தைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. 'பின்னால் மரணம்' என்று பொருள். 1970-களின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்காகப் பெயரை மாற்றினார்கள். மரணம் என்று பெயர் இருந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் விவோசிட்டி பேரங்காடியிலிருந்து சிறு ரயில் போகும். நான்கு வெள்ளி. நடைபாலத்தில் நடந்து போனால் காசே இல்லை. கால் மணி நேரம்தான். உள்ளே போய்விட்டால் ரயிலும் பஸ்ஸும் இலவசம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கடல் உயிரினக் காட்சியகம் ஆகியவற்றுக்குக் கட்டணம் கனம். அவற்றைப் பற்றி விளம்பரங்களே போதுமான அளவு பேசிவிடுகின்றன.

காசில்லாமல் பார்க்கக் கூடியது சிலோசோ கோட்டை. மரங்களின் உச்சி உயரத்தில், பதினோரு மாடி உயரத்தில் போகும் நடைபாலம் வழியாகப் போகலாம். தெற்கே கடலை நோக்கிப் பீரங்கிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு பிரிட்டிஷார் காத்திருந்தார்கள். ஜப்பானியப் படை 1942 பிப்ரவரியில் வடக்கே ஜோகூர் நீரிணையைத் தாண்டி வந்தது. பீரங்கிகளைத் திருப்ப முடிந்தது. ஆனால் கையிருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலைத் துளைப்பதற்கானவை. தரைப்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயன் இல்லை.

சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று மூன்று கடற்கரைகள். மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. குழந்தைகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஆழமற்ற, அலையற்ற இந்தத் தண்ணீர் உண்மையிலேயே வசதி. மகளே, உன் கட்சியையும் எழுதிவிட்டேன்.

தெற்குத் தீவுகளுக்குப் போவது சிரமமா?

சிரமமில்லை. மரினா சவுத் பியர் என்று ரயில் நிலையமே இருக்கிறது. அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுகளுக்குப் படகு போகும். போய்வர ஒருவருக்குப் பதினைந்து வெள்ளி வாக்கில் ஆகும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். தீவில் கடையை நம்பிப் போக முடியாது. புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள்.

செயின்ட் ஜான்ஸில் இறங்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் தயக்கம் வரும். 1874-இல் அங்கே தொற்றுநோய்த் தனிமை நிலையம் அமைத்தார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டெக் பயணிகளாக வந்தவர்களை நகரத்துக்குள் விடும் முன் அங்கேதான் இறக்கினார்கள். என் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். கப்பலில் பட்டதைப் பற்றி நிறையப் பேசுவார். தீவைப் பற்றிக் கேட்டால், "துணியை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள், வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பிறகு அது அரசியல் கைதிகளின் தடுப்பு முகாமாகவும் இருந்தது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1951-இல் அங்கே அடைபட்டிருந்தவர். இன்று மர நிழலும் பூனைகளும் அமைதியும்தான்.

அங்கிருந்து இணைப்புப் பாதையில் நடந்தால் லாசரஸ் தீவு. பிறை வடிவக் கடற்கரை. வார நாளில் போனால் உங்கள் காலடித் தடம் மட்டும்தான் மணலில் இருக்கும். குளிக்க ஆசைப்படுகிறவர்களை நான் அனுப்பும் இடம் இதுதான்.

குசு என்றால் ஆமை. மூழ்கும் நிலையில் இருந்த மலாய் மாலுமியையும் சீன மாலுமியையும் காப்பாற்ற ஓர் ஆமை தீவாக மாறியது என்பது கதை. அதனால் கீழே சீனக் கோயில், குன்றின் மேல் மலாய்ப் பெரியவர்களின் அடக்கத் தலங்கள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஆயிரக்கணக்கில் போய்வருவார்கள். அமைதி வேண்டுமென்றால் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாலையில் சும்மா உட்கார ஓர் இடம்?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. பதினைந்து கிலோமீட்டர் நீளம். முன்பு அங்கே போய்ச் சேர்வதே பெரிய பாடு. 2024-இல் மரின் பரேட் வழியாக ரயில் வந்துவிட்டதால், இறங்கிச் சுரங்கப்பாதையில் நடந்தே போகலாம். இரட்டை இருக்கை சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தம்பதியர் பொறுமையைச் சோதிக்க அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணிக்குமேல் கப்பல்கள் விளக்கேற்றும். கடலுக்குள் இன்னொரு ஊர் இருப்பது போலத் தெரியும்.

பக்கத்திலேயே லகூன் உணவங்காடி நிலையம். சாத்தே என்னும் குச்சியில் சுட்ட இறைச்சி, வாழை இலையில் சம்பல் (மிளகாய் விழுது) தடவிச் சுட்ட திருக்கை மீன். சாப்பிட்டபின் தட்டை நீங்களே எடுத்துப் போய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கண்டிப்பார்கள்.

சுத்த சைவம். கடற்கரையில் என்ன சாப்பிடுவது?

உண்மையைச் சொன்னால், கரையோரத்தில் சைவர்களுக்குத் திண்டாட்டம்தான். உணவங்காடியில் ஒரு சீனச் சைவக் கடையோ தோசைக் கடையோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சைவம் என்று கேட்டாலும் மீன் சாறு, இறால் சம்பல் உள்ளே வந்துவிடும். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கையில் கட்டிக்கொண்டு வாருங்கள். சிராங்கூன் சாலையில் ஆனந்த பவன், கோமள விலாஸ் போன்ற பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன. அசைவம் உண்பவர்கள் மீன் தலைக் கறியை விட்டுவிடாதீர்கள். கேரளத்திலிருந்து வந்த ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்காக இங்கே உருவாக்கிய உணவு அது. ஊரில் தேடினால் இதே ருசியில் கிடைக்காது.

கடலில் குளிப்பது பாதுகாப்பா?

கரையோரம் கால் நனைக்கலாம், நீந்தலாம். படகுத்துறைக்கும் நீரோட்டம் இழுக்கும் கால்வாய் வாய்க்கும் பக்கத்தில் இறங்காதீர்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) எச்சரிக்கைப் பலகை இருந்தால் நம்புங்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும். அது அழுக்கு அல்ல, பெரும்பாலும் வண்டல்.

முதலை இருக்கிறது என்று கேள்விப்பட்டோமே?

இருக்கிறது. வடமேற்கில் சுங்கை பூலோ ஈரநிலத்தில் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன. கிராஞ்சி நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பாலத்தின் மேல் நின்று, கீழே சேற்றில் கிடப்பதைக் கட்டை என்று நினைப்பீர்கள். கட்டை கண் சிமிட்டும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து கரைப்பறவைகள் வந்து இறங்கும். வேடந்தாங்கலுக்குப் போகிற குடும்பமானால் இதையும் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடும்புகள் நடைபாதையின் குறுக்கே அவசரமே இல்லாமல் போகும். வழிவிட்டு நில்லுங்கள். எதிர்க்கரையில் தெரியும் அடுக்குமாடிகள் ஜோகூர் பாரு. அது மலேசியா.

எந்த மாதம் வரலாம்?

வெயில் எப்போதும் ஒரே மாதிரிதான். டிசம்பரில் மழை அதிகம். விடாமல் இரண்டு மூன்று நாள் பெய்யும். பள்ளி விடுமுறை என்று எல்லாரும் அப்போதுதான் வருகிறீர்கள், என்ன செய்ய? பிப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாட்களில் விடியற்காலை திடீரெனப் புயல்காற்றும் மழையும் அடிக்கும். சுமத்ராப் பக்கமிருந்து வருவதால் அதற்குச் சுமத்ரா என்றே பெயர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி கேட்டால் மணலை விட்டு உடனே கூரைக்குள் போய்விடுங்கள். மின்னல் இங்கே விளையாட்டு அல்ல.

ஒரு சிறு எச்சரிக்கை. சூரிய உதயம் பார்க்க ஐந்தரைக்கு எழுந்து போகாதீர்கள். 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட அப்படியே.

அம்மாவுக்கு முழங்கால் வலி. படகு ஏற முடியுமா?

உபின் படகில் ஏறி இறங்கப் படிக்கட்டும் தள்ளாட்டமும் உண்டு. அவரை வற்புறுத்தாதீர்கள். பூமலைக்கு அழைத்துப் போங்கள். தாவரவியல் பூங்காவுக்கு எங்கள் மூத்தோர் வைத்த பெயர் அது. 2015-இலிருந்து யுனெஸ்கோ மரபுடைமைத் தலம். கடல் இல்லை, ஆனால் நிழலும் இருக்கையும் நிறைய. கடல்தான் வேண்டுமென்றால் லாப்ரடார் பூங்கா. சமதரையில் கடலை ஒட்டிய பாதை. கப்பல்கள் கையெட்டும் தூரத்தில் போவது போலிருக்கும். சக்கர நாற்காலியும் போகும்.

அபராதம் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட ஒன்றுமில்லை, சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். பூங்காவிலும் கடற்கரையிலும் புகைபிடிக்கக் கூடாது. மின்சிகரெட்டை நாட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. இதைப் பையன்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். குரங்குக்கும் பன்றிக்கும் உணவு போட்டால் தண்டனை உண்டு. இரவு பத்தரைக்குமேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. சிப்பி, நட்சத்திர மீன் என்று எதையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சித்தி கூழாங்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

மொழி?

தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. எச்சரிக்கைப் பலகைகளில் தமிழைப் பார்ப்பீர்கள். 'அபாயம்' என்பதை முதலில் தமிழில் வாசித்துவிட்டு நெகிழ்ந்துபோய், மேற்கொண்டு இரண்டடி முன்னால் நடந்த உறவினர் எனக்கு உண்டு.

கடைசி நாள் விமானம் இரவில். பகல் முழுக்க என்ன செய்வது?

பெட்டிகளை விமான நிலையத்தில் கட்டணம் கொடுத்து வைத்துவிட்டு, சாங்கி கிராமத்துக்கு வாருங்கள். டாக்சியில் சிறிது நேரம்தான். ஸ்ரீ ராமர் கோயிலில் கும்பிட்டுவிட்டு உணவங்காடியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, சாப்பிடுங்கள். பிறகு கடற்கரை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் சீனர்களைச் சுட்டுக்கொன்ற இடங்களில் ஒன்று அது. நினைவுப் பலகை இருக்கிறது, நின்று வாசியுங்கள். மர நிழலில் பாய் விரித்து மலாய்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். உபின் தீவு எதிரிலேயே தெரியும்.

விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேல் தாழ்வாகப் போகும். அந்த ஓடுபாதைகள் கிடக்கும் நிலத்திலும் ஒரு பகுதி கடலாக இருந்ததுதான். ஆறு மணிக்குக் கால் மணலைத் தட்டிக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். குழாய் படகுத்துறைப் பக்கம் இருக்கிறது.